அக்காவாக இருந்தவர் சிஸ்டர் ஆகலாமா?

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் 22 வருடமாகத் தாதியாக இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இப்போது கணவர், மகள், நீரிழிவு உள்ள மாமியார் ஆகியோருடன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சத்திரசிகிச்சை வார்ட்டை நடத்தும் மூத்த தாதியான பொறுப்புச் சிஸ்டர் ஓய்வு பெற்றதும் இரண்டு மாதமாக இவர்தான் பதில் பொறுப்பு. இருபத்து நான்கு கட்டில்கள். அதை நிரந்தரமாக ஏற்கும்படி தாதியர் எல்லோருக்கும் மேலான மேட்ரன் கேட்டிருக்கிறார், மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். அடிப்படைச் சம்பளம் 85,000 ரூபா அப்படியே இருக்கும். "பொறுப்புக் கொடுப்பனவு" என்று 20,000 ரூபா சேரும். ஓ.டீ., அதாவது மேலதிக நேர வேலைக்கான காசு, நின்றுவிடும். இதுவரை மாதம் 30,000 ரூபா அளவில் ஓ.டீ. எடுத்தவர் இவர்.

"ஜூனியர் பிள்ளைகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களப் பிள்ளைகளும் அப்படித்தான். சிஸ்டர் ஆகிவிட்டால் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை போய்விடும், ஃபைலோடு மேசையில் இருக்க வேண்டியதுதான். அதற்கா இவ்வளவு காலம் பழகினேன்?" என்று கேட்கிறார். தனக்குப் பட்டம் இல்லை, எழுத்துச் சிங்களம் வராது என்ற கூச்சமும் இருக்கிறது. ஒரு இன்சுலின் ஊசி விஷயமாக மனதை அரிக்கும் சம்பவம் ஒன்றும் இருக்கிறது. மறுத்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. இங்கிலாந்திலுள்ள சிநேகிதி "விட்டுவிட்டு வா" என்கிறாராம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளை விட, இடையில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. "ஏழு மணிக்கு டியூட்டி முடிந்தாலும், பிள்ளைகள் விட்டுப்போன வேலையை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருகிறேன்." இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறதென்றால், உங்களுக்குப் பதவி பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். களைப்பில் இருக்கும்போது எந்தப் பதவியும் பாரமாகத்தான் தெரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது செய்கிற விதத்தில் தொடர வேண்டாம், இப்போது தருகிற நிபந்தனைக்குக் கையெழுத்தும் போட வேண்டாம்.

நோயாளியை விட்டுப் போகிறீர்களா?

புத்தளத்திலிருந்து வந்த ஒரு ஐயாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். காய்ச்சல் இல்லை, பிரஷர் பரவாயில்லை. ஆனால் அவர் போர்வையை இழுத்து இழுத்து விட்டார், சம்பந்தமில்லாமல் பேசினார், மூச்சு கொஞ்சம் வேகமாக ஓடியது. நீங்கள் டொக்டரைக் கூப்பிட்டு விடாப்பிடியாக நின்றீர்கள். கிருமி இரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது, நேரத்துக்குப் பிடித்துவிட்டார்கள். அந்தக் கண் 22 வருடத்தில் வந்தது. ஆனால் ஒரு ஷிப்டில் உங்களுக்குத் தந்த ஆறேழு பேரை மட்டும்தான் அது பார்க்கிறது. மற்றக் கட்டில்களில் இருப்பவர்கள் அன்றைக்கு யார் டியூட்டி என்ற அதிர்ஷ்டத்தை நம்பித்தான் படுத்திருக்கிறார்கள்.

பொறுப்புச் சிஸ்டரின் கையில் அந்த அதிர்ஷ்டம் இருக்கிறது. எந்த நோயாளியை யாரிடம் கொடுப்பது, புதிய பிள்ளைக்குப் பக்கத்தில் எந்த அனுபவசாலியைப் போடுவது, இரவில் எத்தனை பேர் நிற்பது என்பதெல்லாம் அவர் போடும் ரோஸ்டரில்தான் முடிவாகிறது. இது வெறும் நிர்வாகம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 வீதம் கூடுவதை அவர்கள் கண்டார்கள். உங்கள் வார்ட்டும் சத்திரசிகிச்சை வார்ட்தான். இரவு ஷிப்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மேட்ரனிடம் போய் நிற்பது, அந்தப் புத்தளத்து ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றது போன்ற வேலைதான்.

இருந்தாலும் கைவேலையை மொத்தமாக விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் வார்ட் சிஸ்டராக இருந்த காலத்தில், கிழமையில் ஒரு நாள் ஒரு நோயாளியை முழுதாக நானே பார்ப்பேன். உடம்பு துடைப்பது முதல் காயத்துக்குக் கட்டுப்போடுவது வரை எல்லாம். பிள்ளைகளுக்கு அது தெரியும், அன்றைக்கு என்னிடம் வேறு வேலை கேட்க மாட்டார்கள். நீங்களும் அதை ஒரு நிபந்தனையாகவே கேட்கலாம்.

எல்லாவற்றையும் நீங்களே செய்வது

இதைச் சொன்னால் மனம் நோகலாம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். விட்டுப்போன வேலையை இரவு ஒன்பது மணி வரை நின்று நீங்கள் முடிப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மையும் இல்லை. டிரெயின் குழாயில் வடிந்த நீரின் அளவு எழுதப்படவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த நாளும் விடுவார்கள். ஒரு நாள் நீங்கள் லீவில் இருப்பீர்கள்.

நோயாளியைப் பார்ப்பதில் நீங்கள் கைதேர்ந்தவர். ஆட்களை நடத்துவதில் இரண்டு மாதக் குழந்தை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பட்ரிசியா பென்னர், புதியவராக நுழையும் தாதி கைதேர்ந்தவராக வளர்வதை ஐந்து படிகளாக 1980களில் விவரித்தார். அவர் சொன்னதில் நம் ஆட்கள் மறந்துபோகிற பகுதி ஒன்று உண்டு. கைதேர்ந்தவரும் பழக்கமில்லாத இடத்துக்குப் போனால் மறுபடி முதல் படியில்தான் நிற்பார். உங்களுக்கு நடப்பது அதுதான். புது வேலை தடுமாற வைக்கும்போது, நன்றாகத் தெரிந்த பழைய வேலைக்குள் ஓடிப் போய்விடுகிறீர்கள்.

டியூட்டி முடிய ஒன்றரை மணிநேரம் இருக்கும்போது, ஐந்தரை மணியளவில், எல்லோரையும் பத்து நிமிடம் கூப்பிடுங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை, யாருக்கு யார் கைகொடுப்பது என்று பேசுங்கள். அப்படியும் முடியாததை இரவு ஆட்களிடம் வெளிப்படையாக ஒப்படைக்கச் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போவதுதான் தவறு, முடியாமல் போவது தவறில்லை என்று அவர்களுக்குப் புரிய நாலைந்து கிழமை எடுக்கும். ஒரு பிள்ளை ஒரு வேலையை மெதுவாகச் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். எனக்குக் கற்றுத்தந்த சிஸ்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு எவ்வளவு அவஸ்தையாக இருந்திருக்கும் என்று எனக்கு அந்த இடத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த இன்சுலின் ஊசி

உங்கள் கடிதத்தின் இந்தப் பகுதியில் எழுத்தே தடுமாறுகிறது. டொக்டர் நாலு யூனிட் என்று எழுத நினைத்து, எண்ணுக்குப் பின்னால் 'யூ' என்ற ஆங்கில எழுத்தை ஒட்டிப் போட்டிருக்கிறார். புதிதாக வந்த பிள்ளை அதைச் சைபராக வாசித்து 40 யூனிட் எடுத்துவிட்டார். சிரிஞ்சைக் கண்டு நீங்கள் தடுத்தீர்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அழுதார், நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. "நான் அவளைக் காப்பாற்றினேனா, தப்பு செய்தேனா?" என்று கேட்கிறீர்கள்.

அந்த நேரத்தில் அழுத பிள்ளையை அணைத்துக்கொண்டது சரி. அதற்குப் பிறகு பேசாமல் விட்டது சரியில்லை. 'யூ' சைபராக மாறுவது தாதியர் உலகத்தில் நன்றாகத் தெரிந்த பொறி. அதனால்தான் யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உங்கள் வார்ட்டில் ஒரு டொக்டர் அப்படி எழுதுகிறார் என்றால் அடுத்த வார்ட்டிலும் எழுதுவார். அங்கே சிரிஞ்சைப் பார்க்க உங்களைப் போல் ஒருவர் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் காப்பாற்றியது ஒரு பிள்ளையை. சொல்லியிருந்தால் பெயர் தெரியாத இன்னும் சிலரும் அதில் சேர்ந்திருப்பார்கள்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரே பெயருள்ள இரண்டு அம்மாக்கள் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். ஒருவருக்குரிய அன்டிபயோட்டிக்கை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். கை காலெல்லாம் நடுங்கியது. சிஸ்டர் திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார், நான் வாய் திறந்து சொல்லும் வரை பக்கத்தில் நின்றார். அந்த அம்மாவுக்கு ஒவ்வாமை வருகிறதா என்று இரவு முழுக்கப் பார்த்தோம், நல்லவேளை வரவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த இரண்டு கட்டில்களும் வார்ட்டின் இரண்டு மூலைக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து பெயரோடு, நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான டிக்கெட்டின் இலக்கத்தையும் பார்க்காமல் நான் ஒரு மாத்திரை கூடக் கொடுத்ததில்லை.

ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள், அவருக்குத் தெரியாமல் எழுத வேண்டாம். பிறகு உங்கள் வைத்தியசாலையின் சம்பவ அறிக்கைப் படிவத்தில், இன்றைய திகதியைப் போட்டு எழுதுங்கள். பழைய திகதியை ஒருபோதும் போடாதீர்கள், அதுதான் பின்னால் உங்களைப் பிடிக்கும். என்ன எழுதியிருந்தது, எப்படி வாசிக்கப்பட்டது, எந்த இடத்தில் தடுக்கப்பட்டது என்பது மட்டும் போதும். யார் கவலையீனம், யார் கெட்டிக்காரி என்ற அபிப்பிராயம் வேண்டாம். நோயாளியின் டிக்கெட்டை ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அது அவருடைய அந்தரங்கம். அறிக்கையின் கடைசியில் இரண்டு யோசனை சேருங்கள்: யூனிட் என்று முழுதாக எழுதுவது, இன்சுலினையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினையும் கொடுக்கும் முன் இரண்டு தாதியர் தனித்தனியாகச் சரிபார்ப்பது. தவறி நேரே ஏற்றினால் உயிராபத்தான செறிவான பொட்டாசியம் குளோரைட் உங்கள் மருந்துத் தட்டில் மற்ற ஊசிகளோடு கலந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் அன்றைக்கே பிரித்துப் பூட்டுங்கள்.

"என் பொறுப்பில் நடந்தது, என் பெயரும் கெடும்" என்று பயப்படுகிறீர்கள். சில இடங்களில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீங்களாக எழுதியது ஒரு மாதிரி. ஆறு மாதம் கழித்து வேறு யாராவது சொல்லித் தெரியவருவது முற்றிலும் வேறு மாதிரி.

மொழியும் பட்டமும்

உங்கள் வார்ட்டில் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறீர்கள், பேச்சுச் சிங்களம் உங்களுக்குச் சரளம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எழுத்துச் சிங்களம் எங்கே தடையாகிறது? பிள்ளைகளைக் கண்டிக்கும்போது சொல் வரமாட்டாது என்ற தயக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. கண்டிப்பதற்குப் பெரிய சொற்கள் தேவையில்லை. நங்கி (தங்கை) என்று கூப்பிட்டு, தனியாக அழைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். அக்கா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். நீங்கள் சிஸ்டர் ஆனாலும் அவர்கள் அதை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள்.

மொழி விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சத்திரசிகிச்சைக்கு வருகிற தமிழ் நோயாளிகள் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது கூட. நீங்கள் லீவென்றால் யார் சொல்கிறார்கள்? சாமான் தூக்க வந்த பையனா, நோயாளியின் பத்து வயது மகளா? ஒவ்வொரு ஷிப்டிலும் தமிழ் பேசும் ஒருவராவது இருக்கும்படி ரோஸ்டர் போடும் அதிகாரம் இப்போது உங்கள் கைக்கு வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்கிறது என்கிறீர்கள். நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே படிக்கத் தாதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், பிறகு விசாரியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் பல தாதியரின் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். 30,000 ஓ.டீ. போய் 20,000 கொடுப்பனவு வருகிறதென்றால், பதவி உயர்ந்து கையில் வருவது மாதம் 10,000 குறைகிறது. இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்காமல் விட்டது அடுத்தது.

"55இல் போகத்தானே போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கணக்கு. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் வயதில் இருக்கும் தனியார் துறை ஊழியரை 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி ஓய்வு பெறச் சொல்ல முடியாது. உங்களுக்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது, மொத்தம் 36 வருடச் சேவை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முழுதாக முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் பாதி, வேலையை விடும்போது பணிக்கொடையாகக் கிடைக்கும். 36 வருடத்துக்குப் பதினெட்டு மாதச் சம்பளம். அந்த 20,000 அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால், பணிக்கொடையில் மட்டும் 360,000 ரூபா கூடும். தனிக் கொடுப்பனவாக நின்றால் அது கணக்கில் வருமா என்று பின்னால் வாதாட வேண்டியிருக்கும். ஊழியர் சேமலாப நிதியிலும் (ஈ.பி.எஃப்.) இதே கதைதான். அடிப்படையில் சேரும் 20,000க்கு முதலாளி தர வேண்டிய 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான (ஈ.டி.எஃப்.) 3 வீதமும் சேர்த்து மாதம் 3,000 ரூபா உங்கள் பெயரில் விழும். ஓ.டீ.க்கு இவை எதுவும் கிடையாது. ஆகவே ஓ.டீ. போவதை நினைத்து மட்டும் அழ வேண்டாம். தருகிறதை அடிப்படையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மறுத்தால் நிறுத்திவிடுவார்களா என்ற கேள்விக்கு: பதவி உயர்வு வேண்டாம் என்று சொல்வது ஒழுக்கக் குற்றம் இல்லை. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். யாராவது மிரட்டினால் எந்தக் கடதாசியிலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள், "வீட்டில் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு வாருங்கள். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, நியமனக் கடிதத்தோடு அங்கே போய்க் கேட்கலாம்.

இங்கிலாந்துப் பேச்சைப் பொறுத்தவரை, 46 ஒன்றும் பிந்திய வயதில்லை. ஆங்கிலப் பரீட்சை, கணினிப் பரீட்சை, அங்கே போனபின் செய்முறைப் பரீட்சை என்று மூன்று கட்டம் தாண்ட வேண்டும். 22 வருட அனுபவம் இருந்தாலும் பெரும்பாலும் ஐந்தாம் பாண்ட் என்ற தொடக்கச் சம்பளப் படியில், புதிதாகச் சேர்ந்தவர்களோடுதான் தொடங்குவீர்கள். வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்ட் காசு கேட்டால் விலகிவிடுங்கள், அந்த நாட்டு ஆட்சேர்ப்பு விதிக்கோவையே அதை அனுமதிப்பதில்லை. போவதென்று தீர்மானித்தாலும் பணிக்கொடை உங்களுக்கு உரியதுதான், ஐந்து வருடச் சேவை தாண்டியவர் தானாக விலகினாலும் கிடைக்கும். ஆனால் இன்றைய களைப்பிலிருந்து தப்ப மட்டும் அங்கே போக வேண்டாம்.

மாத முடிவுக்கு முன் மேட்ரனுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். இப்படி எழுதலாம்: "பொறுப்பை ஏற்க விரும்புகிறேன். 20,000 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கப்பட வேண்டும். பதில் பொறுப்பாக இருந்த இரண்டு மாதத்துக்கும் அது கணக்கிடப்பட வேண்டும். ரோஸ்டர் போடும் அதிகாரம் எனக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். இரவு ஷிப்டில் இன்னொரு தாதி தேவை. கிழமையில் ஒரு நாள் நான் நேரடியாக நோயாளி பராமரிப்பில் இருப்பேன். முதல் ஆறு மாதத்துக்கு, முன்பு இந்த வார்ட்டை நடத்திய சிஸ்டரிடம் ஆலோசனை கேட்க அனுமதி வேண்டும்." எல்லாம் கிடைக்காது. அடிப்படைச் சம்பளத்தையும் ரோஸ்டரையும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்றவற்றில் பேசலாம். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையெழுத்தும் வாங்கி வீட்டில் வையுங்கள். அந்தக் கடிதத்தைக் கொடுக்கிற நாளிலாவது ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.